குருவானவரும் வானசாஸ்திரமும்

விஞ்ஞானங் கற்ற மக்கள் தெய்வநம்பிக்கையை இழந்துவிடுவரோ என அஞ்சும் பெற்றோர் நம்முள் பலர். அன்னார் அறியத்தக்க சரித்திரம் ஒன்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

பெல்ஜிய தேசத்தில் 1894-ம் ஆண்டு பிறந்த ஜார்ஜ் லெமேத்தர் என்பார், 1923-ல் கத்தோலிக்க குருப்பட்டம் பெற்றவர்; லூவேன் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தவர். பிரபஞ்சம் இடையறாது விரிந்து செல்கின்றது என 1927-ல் அவர் கணக்கிட்டு வெளியிட்டார். ஐன்ஸ்டைன் அக்கணிதத்திற் பிழை காணாராயினும் முடிவை ஏற்க மறுத்தார். 1931-ல் லெமேத்தர் மேலும் ஒருபடி சென்று, அனைத்தும் ஓர் ஆதியணுவினின்றே தோன்றின என்றார்.

இது குருவொருவர் கூறும் சிருஷ்டிக்கதையே என ஐயுற்றோர் உளர். 1951-லோ, போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், புதிய வானசாஸ்திரம் சிருஷ்டிக்குச் சான்று பகர்கின்றதென மகிழ்ந்துரைத்தார். திருச்சபைத் தலைவரே இங்ஙனம் கூறின் எக்குருதான் மகிழார்? லெமேத்தர் மகிழ்ந்திலர். தெய்வம் உண்டென்பார்க்கும் இல்லென்பார்க்கும் தம் கொள்கை பொதுவென்பதே அவர் துணிபு. இன்றைய சாஸ்திரத்தின்மேற் கட்டிய விசுவாசம், நாளை அச்சாஸ்திரம் மாறின் தானும் சாயுமன்றோ?

ஆதிவெப்பத்தின் எச்சமாய கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி 1965-ல் வெளியாயிற்று. மறு ஆண்டு உயிர்நீக்குமுன் அவர் அதனைச் செவியுற்றார். 2018-ல் சர்வதேச வானசாஸ்திர சங்கத்தார், பிரபஞ்ச விரிவு விதியை அவர் பெயரையும் சேர்த்து வழங்குமாறு பரிந்துரைத்தனர்.

ஆகவே, நம் மக்கள் சாஸ்திரங் கற்பதைத் தடுக்கவும் வேண்டா. சாஸ்திரத்தைக்கொண்டு சமயத்தை நாட்டவும் வேண்டா. இரண்டையும் ஒரே நெஞ்சில் நேர்மையுடன் தாங்கியவர் ஒருவர் வாழ்ந்தார் என்பதே நமக்குப் போதிய தைரியமாகும்.