முன்னைய பரீட்சைப் பெறுபேறும் பிற்கால உடற்கல்வி அடைவும்: திருகோணமலை மாவட்டம்

பாடசாலையின் முற்பகுதியில் மாணவர் பெற்ற பரீட்சைப் புள்ளிகளைக் கொண்டு பின்னாளில் அவர் உடற்கல்வியில் அடையக்கூடிய நிலையை முன்கூட்டியே மதிப்பிட முடியுமா என்பது, கல்வி அளவீட்டில் எதிர்வுகூறும் தகுதி என்ற தலைப்பின் கீழ் ஆராயப்படும் வினாவாகும். ஓர் அளவீடு பின்னர் நிகழும் மற்றோர் அளவீட்டுடன் எவ்வளவு இணங்கிச் செல்கிறது என்பதே இத்தகுதி. இவ்விணக்கத்தை இணைபுக் குணகம் என்ற எண்ணால் குறிப்பர். குணகம் 0.5 ஆக இருந்தாலும், அதன் வர்க்கமான 0.25, பிந்திய புள்ளிகளின் வேறுபாட்டில் கால்பங்கு மட்டுமே முந்திய புள்ளிகளோடு சேர்ந்து செல்கிறது எனக் காட்டுவதால், ஒரு மாணவரைப் பற்றித் தனித்து முடிவு சொல்ல அது போதாது.

இலங்கையில் இவ்வினாவுக்கு விடை தேடுபவர், உடற்கல்வி அடைவு என்று எதைக் கொள்வது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் தரம் 6 முதல் 9 வரை எல்லோருக்கும் உரியதாகவும், தரம் 10, 11 இல் தெரிவுப் பாடமாகவும் கற்பிக்கப்படுகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் சங்கீதம், நடனம், நாடகம் ஆகிய பாடங்களுக்குச் செயன்முறைப் பரீட்சை உண்டு; உடற்கல்வி மாணவரோ பல்தேர்வு வினாக்களுக்கும் கட்டமைப்பு, கட்டுரை வினாக்களுக்கும் தாளிலேயே விடையளிக்கிறார். கரப்பந்தாட்டத் திடல் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் உடையது, ஆண்களுக்கான வலை 2.43 மீற்றரிலும் பெண்களுக்கானது 2.24 மீற்றரிலும் கட்டப்படும் என்பதைப் பிழையின்றி எழுதும் ஒருவர், அந்த வலைக்கு மேலாக ஒரு பந்தையேனும் பணிக்கத் தெரியாதவராக இருக்கலாம். மாலைதோறும் கடற்கரை மணலில் வலை கட்டி விளையாடும் இன்னொருவர் அதே வினாவில் புள்ளி இழக்கலாம். பரீட்சைத் தாள் இவ்விருவரில் முன்னவரையே அறியும்.

எனவே தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையோ தவணைப் பரீட்சைகளோ இப்பாடத்தின் எழுத்துப் பெறுபேற்றை ஓரளவு எதிர்வுகூறுமென எதிர்பார்ப்பது நியாயமே. வினாவை விளங்கிக்கொள்ளும் வேகம், நினைவு, நேரத்துக்குள் எழுதி முடிக்கும் பழக்கம் ஆகியவை எல்லா எழுத்துப் பரீட்சைகளுக்கும் பொதுவானவை. இங்கு எதிர்வுகூறப்படுவது உடற்றிறன் அன்று, பரீட்சை எழுதும் திறனே.

மைதானத்தில் நிகழும் அடைவு வேறு வழியில் அமைகிறது. இல்ல விளையாட்டுப் போட்டியில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் எனப் படிப்படியாக மேலேறும் பாடசாலைப் போட்டிகள் வயதுப் பிரிவின்படி நடத்தப்படுவதால், ஒரே பிரிவில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் இறுதியில் பிறந்தவரைவிட ஏறத்தாழ ஓர் ஆண்டு உடல் முதிர்ச்சியுடன் ஓடவும் குண்டு போடவும் நேர்கிறது. சார்பு வயது விளைவு எனப்படும் இது, 1985 இல் கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது பரவலாகக் கவனிக்கப்பட்டது. உடற்றகுதிக்கும் பரீட்சைப் புள்ளிகளுக்கும் உள்ள தொடர்பைப் பொறுத்தவரை, ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 259 தொடக்கநிலை மாணவரிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வொன்று, இதய சுவாசத் தாங்குதிறன் வாசிப்பு, கணிதப் புள்ளிகளுடன் இணங்குவதையும், தசை வலிமையும் நெகிழ்வும் அவ்வாறு இணங்காததையும் கண்டது. இதை மேற்கோள் காட்டுவோர் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை: இரு அளவீடுகளும் ஒரே காலத்துக்குரியவை, ஆகவே எது எதற்கு முந்தியது என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் இம்மதிப்பீட்டைக் கடினமாக்கும் காரணங்கள் இன்னும் உண்டு. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய கல்வி வலயங்களின் மாணவர்கள் ஒரே நிலைமைகளில் படித்தவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரப் பாடசாலைகளைத் தாக்கியது. 2006 இல் மூதூர்ப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை நகருக்கு வர அங்குள்ளோர் பாதை எனப்படும் மிதவையை நம்பியிருந்தமையால், பாடசாலை விட்ட பின் பயிற்சிக்குத் தங்குவதும் எளிதாக இருந்திருக்காது. 2021 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்துக்குத் தள்ளிப்போனது நாடு முழுவதற்கும் பொதுவானது. இத்தகைய ஆண்டுகளில் பெறப்பட்ட குறைந்த புள்ளி மாணவரின் ஆற்றலைவிட அவருக்கு வாய்த்த சூழலையே கூடுதலாக அளக்கிறது.

வீச்சுக் குறுக்கம் என்னும் புள்ளியியற் சிக்கலும் உண்டு. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி நகரின் முன்னணிப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தவர்களின் முன்னைய புள்ளிகள் ஒன்றுக்கொன்று நெருங்கியே இருக்குமாதலால், அவர்களை மட்டும் கொண்டு கணித்தால் இணைபு உண்மையிலும் குறைவாகத் தோன்றும். அதிலிருந்து தொடர்பே இல்லை என்று முடிவெடுப்பது தவறு.

எழுத்துத் திறனுக்கும் மைதானத் திறனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கல்விக் கொள்கை ஓரளவு ஏற்றுள்ளது. 2017 இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவில் உடற்கல்வியும் விளையாட்டும் ஒரு பாடமாக வைக்கப்பட்டதுடன், அப்பிரிவில் சேரச் சாதாரண தரச் சித்தி நிபந்தனையாக்கப்படவில்லை. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பட்டநெறியோ உயர்தரப் பெறுபேற்றுடன் செயன்முறைப் பரீட்சையையும் கேட்கிறது.