மந்தக் காலத்து ஒப்பந்தங்களும் தோட்டத் தொழிலாளரும்

பஹாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்தது கோலா தெர்லா. இம்மலையின் தேயிலைத் தோட்டங்கள் தோன்றிய காலத்தை நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். போ தோட்டம் 1929இல் தொடங்கப்பெற்றது. அது உலகப் பொருளாதார மந்தம் பிறந்த ஆண்டு. பாரத் தேயிலை நிறுவனம் 1933இல் தொடங்கியது. அது ஒன்றோடொன்று போட்டியிட்ட தேயிலை நாடுகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட ஆண்டு. அண்டை நாடுகளைப் பஞ்சம் எவ்வாறு ஒன்றுசேர்த்தது, அவ்வொற்றுமையின் பாரத்தைச் சுமந்தவர் யார் என்பன இன்றும் ஆராயத் தக்க வினாக்கள்.

அக்காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த தேயிலையிற் பெரும்பகுதி இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்றிடத்தும் விளைந்தது. தேவைக்கு மேல் சரக்குக் குவியவே விலை சரிந்தது. 1930இல் தாமாகவே விளைச்சலைக் குறைக்க எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. ஒருவர் குறைத்தால் மற்றவர் கொள்வாரோ என்னும் ஐயமே அதற்குத் தடையாயிற்று. 1933 பிப்ரவரியில் மூன்று நாட்டு உற்பத்தியாளரும் உடன்பட்டனர். 1929, 1930, 1931 ஆகிய ஆண்டுகளுள் மிகுதியாக ஏற்றுமதி செய்த ஆண்டின் அளவே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. முதல் ஆண்டில் அதில் நூற்றுக்கு 85 பங்கே அனுப்பலாம் என்று விதித்தனர். புதிய நடவு ஏறக்குறைய நிறுத்தப்பட்டது. அரசாங்கங்கள் சட்டமியற்றித் துணை நின்றமையால் உடன்பாடு நிலைபெற்றது.

ரப்பர்த் தொழில் இப்பாடத்தை அதிக விலை கொடுத்தே கற்றது. 1922இல் மலாயாவும் இலங்கையும் ஸ்டீவன்சன் திட்டத்தின்படி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. டச்சுத் தீவுகள் அதிற் சேரவில்லை. அங்கே மரங்கள் பெருகின. மலாயா தன் பங்கை இழந்தது. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. மந்தம் முற்றிய பின்னரே, 1934 மே மாதத்தில், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, சயாம், இந்தியா ஆகியவை ஒரு மேசையில் அமர்ந்து கையெழுத்திட்டன. அண்டை வீட்டுக்காரன் ஒருவன் வெளியே நின்றாலும் கட்டுப்பாடு பயன் தராது என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆனால் அம்மேசையில் தொழிலாளிக்கு இடமில்லை. மலாயாவின் பல வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்த நாட்கூலி 1930இல் முறையே 40, 32 காசாகக் குறைந்தது. வேலையிழந்த தமிழர் ஆயிரமாயிரமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1938இல் ரப்பர் ஏற்றுமதி மீண்டும் குறைக்கப்பட்டு, கூலியும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசாங்கம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. முதலாளிகளின் ஒற்றுமை இரு அரசாங்கங்களுக்கிடையே பிணக்கை விளைத்தது.

நாடுகள் விடுதலை பெற்ற பின் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. 1963இல் மலேசியா அமைந்தபோது இந்தோனேசியா அதை எதிர்த்து மோதலில் இறங்கியது. மோதல் நீடிக்க அந்நாட்டின் பொருளாதாரம் சீர்குலைந்தது. 1966இல் விலைவாசி ஓராண்டில் ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. அவ்வாண்டு பாங்காக்கில் துன் அப்துல் ரசாக்கும் ஆதம் மாலிக்கும் பேசினர். ஆகஸ்டு 11இல் ஜகார்த்தாவில் சமாதானம் கையெழுத்தாயிற்று. ஓராண்டு கழித்து, 1967 ஆகஸ்டு 8இல், இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஆசியான் அமைப்பை நிறுவின. நேற்றுப் பகை கொண்டோர் இன்று தோழராயினர். பகையின் செலவைத் தாங்க முடியாமற்போனதும் அதற்கொரு காரணம்.

இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். நெருக்கடி அண்டை நாடுகளை மேசைக்குக் கொண்டுவரும். ஆனால் மேசையில் யார் யார் அமர்ந்தனர் என்பதைப் பொறுத்தே உடன்பாட்டின் நன்மை பகிரப்படும். இன்று கேமரன் மலையின் தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேபாளியரும் உழைக்கின்றனர். 1930இல் தமிழன் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கின்றனர். நாடுகளின் நட்பு அவர்தம் கூலியிலும் பாதுகாப்பிலும் தெரியுமாயின், அதுவே மெய்யான ஒற்றுமை.