கார்த்திகை பிறந்தால் கறிக்கடை ஏன் காற்று வாங்குகிறது?



இன்று காலை தென்காசியில் காய் வாங்கப் போயிருந்தேன். கறிக்கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, கூட்டத்தைக் காணோம்?" என்றேன். "கார்த்திகை பிறந்துட்டுல்லா சார்! இனி தை பிறக்கிற வரைக்கும் ஈ ஓட்ட வேண்டியதுதான்" என்று சிரித்தார். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவனுக்கு இது போதாதா? எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2014-ல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஆகவே நான் சொல்லப்போவது சைவக்காரர்களின் கதை அல்ல. கறி சாப்பிடுகிற நாமே கொஞ்ச நாள் வேண்டாம் என்று வைக்கிற கதை.

1960-களில் எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி என்றால் தீபாவளி, அம்மன் கோயில் கொடை, புதுமாப்பிள்ளை விருந்து, அவ்வளவுதான். கோழி அடித்தால் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், அல்லது கோழிக்குச் சீக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம்! அன்றும் குறைவாகத்தான் தின்றோம். ஆனால் அதற்குப் பெயர் விரதமல்ல, வறுமை. நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் கறி என்றாயிற்று. இருக்கிறவன்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்? விரும்பிக் குறைப்பது என்பது நம் வீடுகளில் அதற்குப் பிறகுதான் அர்த்தம் பெற்றது.

இந்தச் சிந்தனை நம் மண்ணுக்குப் புதிதல்ல. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகிற வழியில் கழுகுமலை இருக்கிறதே, அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. உயிர்க்கொலை கூடாது என்றவர்கள் அவர்கள். திருக்குறளில் 26-வது அதிகாரம் புலால் மறுத்தல். வள்ளுவர் அங்கே பேசுவது அருளைப் பற்றி, பிறப்பைப் பற்றி அல்ல. 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலாரும் சாதி பார்க்காமல்தான் பசியாற்றினார்.

ஆனால் நம் திருநெல்வேலிச் சீமையில் என்ன ஆயிற்று? சைவம் என்பது சமயத்துக்கும் பெயர், சாப்பாட்டுக்கும் பெயர், சில சாதிகளுக்கு அடைமொழி. இன்னார் வீட்டில் பிறந்தால் சைவம், இன்னார் வீட்டில் பிறந்தால் அசைவம் என்று ஆகிவிட்டது. தட்டில் இருப்பதை வைத்து ஆளை எடை போட்டார்கள்.

அதைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது ஐயப்பன் மாலை என்பது என் எண்ணம்.

சபரிமலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து இத்தனை கூட்டம் போவது ரொம்பப் பழைய வழக்கம் அல்ல. நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் நாடகக் குழு ஐயப்பன் கதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கிரையானது. புதிய ஐம்பொன் சிலையைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாக எடுத்து வந்தவர் பி.டி.ராஜன். 1936-ல் சில மாதம் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் அவர்தான்! பிறகு நடிகர் எம்.என்.நம்பியார் குருசாமியாக ஆண்டுதோறும் மலைக்குக் கூட்டிப் போனதும், 1975-ல் வந்த 'சுவாமி ஐயப்பன்' படமும் சேர்ந்து பட்டிதொட்டி எல்லாம் மாலை போட வைத்தன.

நம் ஊர் இந்தப் பாதையிலேயே இருக்கிறது. 1904 முதல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை அந்தப் பக்கத்து அரசோடு இருந்த ஊர். இன்றும் மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி தென்காசி வழியாகத்தான் போகிறது. சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் தேடுகிற கூட்டம் ஒன்று. கார்த்திகையில் அதே குற்றாலத்தில் கறுப்பு வேட்டியும் இருமுடியுமாக இட்லி தேடுகிற கூட்டம் இன்னொன்று.

ஒரு மண்டலம், 41 நாள். எந்தச் சாதியாக இருந்தாலும், மாலை போட்டால் அவர் 'சாமி'. சாப்பாடு பிறப்போடு ஒட்டியது என்பது போய், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், முடிந்ததும் கழற்றலாம் என்று ஆயிற்று.

இதன் விளைவுகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் மாலை போட்டால் அடுப்பில் யாருக்கும் கறி இல்லை. அதிகாலையில் எழுந்து குளித்துச் சமைப்பவர் அம்மாவோ மனைவியோதான். அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. என் வீட்டிலும் நான் கேட்டதில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி விலை ஏறும்போது மாலை போடாத ஏழையும் அதே விலைதான் கொடுக்கிறார். புரட்டாசியிலும் இந்த நாட்களிலும் கறிக்கோழி விற்பனை மந்தமானால் அது பல்லடம் வரை தெரியும். சங்கரன்கோவில் பக்கம் நம் விவசாயி போடும் மக்காச்சோளமும் கோழித் தீவனத்துக்குப் போவதுதானே? ஒருவர் கையை மடக்கினால் எத்தனை பேர் கணக்கு மாறுகிறது பாருங்கள்.

உலக அளவிலும் இதைப் பேசுகிறார்கள். மனிதர்களால் வெளியாகும், பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013-ல் சொன்னது. அதில் பெரும்பங்கு மாடு வளர்ப்பினுடையது. பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னி 2009-ல் திங்கட்கிழமை கறி வேண்டாம் என்று ஓர் இயக்கம் தொடங்கினார். நம் பாட்டிமார் வெள்ளி, செவ்வாயில் கவுச்சி கூடாது என்றது அவருக்குத் தெரிந்திருக்காது!

ஆனால் 'குறையுங்கள்' என்று யாரிடம் சொல்வது? 1989-ல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. அந்த ஒரு முட்டையைத் தின்னாமல் தங்கைக்கென்று டவுசர் பையில் வைத்துக்கொண்டு போன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். 2010-ல் அது வாரம் ஐந்து முட்டை ஆனது. அந்தப் பிள்ளையிடம் போய் விரதம் பேசக் கூடாது. போதும் போதும் என்று தின்கிறவர்கள் குறைக்கட்டும். போதாதவர்களுக்கு இன்னும் ஒன்று வைப்போம்.

இதை எனக்கு யார் கற்றுக் கொடுத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் வகுப்பில் சமணம் நடத்தும்போது, "சைவம் சாப்பிடுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். நாலைந்து கைகள். "இவங்கதான் நல்ல பிள்ளைங்க" என்று சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா கறிக்கடைக்காரர். அருளைப் பற்றிய பாடத்தை அருளே இல்லாமல் நடத்தினேன்.

இன்று காலை என்னைப் பார்த்துச் சிரித்தது அந்தப் பையன்தான். எழுந்து நின்று நாற்காலி போட்டுக் கொடுத்தார். சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் வந்துவிட்டேன். தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்.

மாலை போட்ட சாமிமார்கள் நல்லபடியாகப் போய் வாருங்கள். தையில் திரும்பி வந்ததும் அவர் கடைக்கும் போங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ எந்தெந்த நாளில் கறி சமைக்க மாட்டார்கள், ஏன் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.

வாழ்க வளமுடன்.