சிறிய எஸ்எஸ்டிக்கு லினக்ஸ் இடமாற்றம்

ஹார்டு டிஸ்கில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸை மறுபடி நிறுவாமல், அமைப்புகள், மென்பொருள்கள், பயனர் கோப்புகள் எல்லாவற்றோடும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோவது லினக்ஸ் இடமாற்றம் எனப்படும். ஒரு ஜிபிக்கு ஆகும் விலை எஸ்எஸ்டியில் கூடுதல். ஆகவே 1 டிபி ஹார்டு டிஸ்கை விட்டு 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு வருவது போல, புதியது பெரும்பாலும் பழையதைவிடச் சிறியதாகவே இருக்கும். அது தடையல்ல. பழைய டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதே கணக்கு. 70 ஜிபிதான் நிரம்பியிருந்தால் 120 ஜிபி எஸ்எஸ்டியே போதும்.

டிடி கட்டளையால் டிஸ்கை அப்படியே நகலெடுக்கத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். இங்கே அது உதவாது. கோப்பு எது, காலி இடம் எது என்று டிடிக்குத் தெரியாது. முதல் பைட்டிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டே போய், எஸ்எஸ்டி நிரம்பியதும் நின்றுவிடும். அதற்கு அப்பால் கிடந்த கோப்புகள் வந்து சேரா. பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும் ஜிபிடி அட்டவணையின் மாற்றுப் பிரதி டிஸ்கின் கடைக்கோடியில் இருப்பதால் அதுவும் விடுபடும். ஜிபார்ட்டெட் கொண்டு பார்ட்டிஷனை முதலில் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை கொண்ட பார்ட்டிஷனை மவுண்ட் செய்யாத நிலையில்தான் சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் நடைமுறையில் வழியே இல்லை. சுருக்கும்போது பாதியில் மின்சாரம் போனால், இருக்கும் ஒரே பிரதியும் சிதையக்கூடும். கோப்புகளை மட்டும் நகலெடுப்பதே பாதுகாப்பான வழி.

இதற்கு ஏற்ற கருவி ஆர்சிங்க். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் வெளியிட்டது. லைவ் யூஎஸ்பியில் கணினியைத் துவக்கி, எஸ்எஸ்டியில் புதிய பார்ட்டிஷன்களை உருவாக்கி, இரண்டு டிஸ்குகளையும் மவுண்ட் செய்து நகலெடுக்க வேண்டும். யூஇஎஃப்ஐ கணினியில் ஃபேட்32 வடிவில் சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷனும் தேவை. கோப்பின் உள்ளடக்கம் மட்டும் வந்தால் போதாது. உரிமையாளர், அனுமதிகள், ஹார்டு லிங்க்குகள் ஆகியவையும் கூடவே வர வேண்டும். சூடோ நிரல் ரூட்டுக்குச் சொந்தமாக இல்லாமலோ, செட்யூஐடி பிட்டை இழந்தோ வந்தால், இயங்கவே மறுத்துவிடும்.

நகலெடுத்து முடிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யூயூஐடி என்ற அடையாள எண் உண்டு. எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் இன்னும் பழைய எண்களே இருக்கும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் புதிய எண்களை அங்கே எழுத வேண்டும். பிறகு சிஹெச்ரூட் கட்டளை மூலம் புதிய லினக்ஸுக்குள் நுழைந்து, கிரப் துவக்கியை எஸ்எஸ்டியில் நிறுவி, அதன் அமைப்புக் கோப்பையும், துவக்கத்தின் தொடக்கக் கட்டத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் மறுபடி உருவாக்க வேண்டும். கிரப்பில் பழைய எண் தங்கிவிட்டால், டெபியன், உபுண்டு போன்றவை அந்த எண்ணுள்ள டிஸ்க் இல்லை என்று அறிவித்துவிட்டு, கருந்திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லோடு நிற்கும். அதைப் பார்த்துத் தரவு போய்விட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. ஒன்றும் போயிருக்காது, எண்தான் தவறு. பலரும் மறப்பது ஸ்வாப் பார்ட்டிஷனின் எண்ணை. அது பழையதாகவே இருந்தால், இல்லாத டிஸ்குக்காக, துவக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் மேலே போகும். வேகத்துக்காக எஸ்எஸ்டி வாங்கியவருக்கு அந்த ஒன்றரை நிமிடம் பெரிய ஏமாற்றம்.

பிட்ரிஎஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்துவோருக்கு வேறு வழி உண்டு. எஸ்எஸ்டியைக் கூடுதல் டிஸ்காகச் சேர்த்துப் பழையதை விலக்கச் சொன்னால், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவு நகர்ந்துவிடும். அங்கும் துவக்கியைத் தனியாக நிறுவியாக வேண்டும்.

முதல் துவக்கத்தை ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது. அப்போதுதான் கணினி உண்மையில் எஸ்எஸ்டியிலிருந்துதான் எழுகிறதா என்பது தெரியும். அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம், எஃப்எஸ்ட்ரிம் டைமர் மூலம் வாரம் ஒருமுறை நடக்கும். அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில வாரங்கள் பழைய டிஸ்கை அழிக்காமல் வைத்திருந்து, பிறகு அதையே படங்கள், வீடியோக்களுக்கு ஒதுக்கலாம். எஃப்எஸ்டேப்பில் அதன் வரியில் நோஃபெயில் என்று சேர்த்துவிட்டால், என்றாவது அந்த டிஸ்க் பழுதானாலும் கணினி துவங்குவது தடைப்படாது.