மீண்டு வருவோர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் அடுத்து அமைந்த எங்கள் மம்சாபுரத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படுகிற ஒருவன், மலையை வலக்கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, அம்பாசமுத்திரம் என்று ஊர் ஊராய்க் கடந்து சென்றால், களக்காட்டிற்கும் அப்பால், அதே மலையின் காலடியில், டோனாவூர் என்னும் சிற்றூரை அடைவான். இன்று இவ்விரண்டு ஊர்களும் வெவ்வேறு மாவட்டங்களில் உள்ளன; ஆனால் 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரையில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியும் திருநெல்வேலி ஜில்லாவின் அங்கமாகவே இருந்தபடியால், நான் சொல்லப்போகும் கதை தொடங்கிய காலத்தில் இரண்டும் ஒரே கலெக்டரின் ஆட்சிக்குட்பட்ட ஊர்களாகவே விளங்கின.

வெளிநாட்டில் ஓர் அனாதை விடுதியில் சில மாதங்கள் ஊழியம் செய்து, ஊர் திரும்பி, ஆண்டுகள் சில கழித்து அக்குழந்தைகளைக் காண மீண்டும் செல்வது இக்காலத்து வழக்கம் என்று பலரும் எண்ணுகிறார்கள். விமானப் பிரயாணம் எளிதானதும், மேல்நாட்டு மாணவர்கள் தங்கள் விடுமுறையை ஏழை நாடுகளில் கழிப்பதைப் பெருமையாகக் கருதத் தொடங்கியதும் இவ்வழக்கத்தைப் பெருக்கின என்பது மெய்யே. ஆயினும், கடல் கடந்து வந்தவர் பிறர் பிள்ளைகளை வளர்ப்பதும், வளர்த்தவர் ஒருநாள் கப்பலேறிப் போவதும், போனவர் திரும்புவாரா என்று பிள்ளைகள் வழி பார்ப்பதும் நம் மலையடிவாரத்திற்குப் புதியவை அல்ல. இந்தச் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் மீண்டு வந்தவரின் மகிழ்ச்சியையே எழுதியிருக்கிறார்கள். காத்திருந்த பிள்ளையின் கணக்கை எழுதியவர் மிகச் சிலர்.

அனாதை விடுதி என்னும் ஸ்தாபனமே நம் நாட்டில் பிற்காலத்தது. தாய் தந்தையரை இழந்த குழந்தையைத் தாய்மாமனோ, பெரியப்பனோ, பிள்ளையில்லாத தூரத்து அத்தையோ தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று வளர்ப்பதே ஊர் வழக்கம்; அந்த வளர்ப்பில் அன்பும் இருந்தது, சில வீடுகளில் கூலியில்லா வேலைக்காரனைப் பெற்ற லாபமும் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் இந்த ஏற்பாட்டை அடியோடு உடைத்தது. மாமனும் பெரியப்பனும் சேர்ந்தே மடிந்தும் ஊரைவிட்டு ஓடியும் போன பிறகு, குழந்தையை ஏற்க ஏது வீடு? அந்தக் க்ஷாமத்தில்தான் திருநெல்வேலியின் மிஷன் ஊர்களில் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிகள் பெருகின. நாசரேத்தில் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் பஞ்சத்துப் பிள்ளைகளைத் திரட்டிச் சோறிட்டதோடு நில்லாமல், அவர்கள் பிழைப்பதற்கு ஒரு கைத்தொழில் வேண்டுமென்று தொழிற்பள்ளியும் நிறுவினார். 1908-இல் அவர் இறந்ததும் நாசரேத்திலேயே.

டோனாவூர் அப்பஞ்சத்திற்கு முன்பே இருந்த ஊர். திருநெல்வேலியில் மிஷனரியாக இருந்த ரேனியஸ் ஐயர் காலத்தில், புரூசிய நாட்டுப் பிரபுவாகிய டோனா என்பவர் அளித்த பொருளுதவியால் எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்பாதலின், அப்பிரபுவின் பெயரையே அது பெற்றது. அவ்வூரை உலகறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். அயர்லாந்தில் மில்லைல் என்னும் கடலோரக் கிராமத்தில் 1867-இல் பிறந்து, ஜப்பானில் சிறிது காலம் ஊழியம் செய்து உடல் நலிந்து, 1895-இல் பெங்களூருக்கு வந்து, பின் திருநெல்வேலிச் சீமையை அடைந்த அவர், முதலில் விடுதி நடத்தும் எண்ணமே இல்லாதவர். பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று பிரசங்கம் செய்வதே அவர் ஏற்றிருந்த பணி. 1901-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பண்ணைவிளையில் அவர் தங்கியிருந்தபோது, தேவதாசியாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலமாக வந்து சேர்ந்தாள். அச்சிறுமி அதற்கு முன்பும் ஒருமுறை தப்பி ஓடித் தாயிடம் சென்றவள். தாய் அவளை மீண்டும் ஒப்படைக்க, கைகளில் சூடு போடப்பட்டவள். அவ்வாண்டே டோனாவூருக்கு இடம் மாறிய அம்மையாரிடம் 1904-இல் பதினேழு பிள்ளைகள் இருந்தனர். 1913-இல் நூற்று முப்பது பெண்கள் இருந்தனர். 1918-இல் ஆண் குழந்தைகளையும் ஏற்கத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றை விருப்பு வெறுப்பின்றிச் சொல்வது கடினம். 1903-இல் அம்மையார் வெளியிட்ட நூல் நம் சமூகத்தின் இருண்ட மூலைகளை மட்டுமே காட்டியதாக அந்நாளிலேயே குறை கூறப்பட்டது. அதை மிஷனரிகளிலேயே சிலர் ரசிக்கவில்லை. பெற்றோர் உரிமை கோரி நியாயஸ்தலங்களில் வழக்குகள் எழுந்தன. மதமாற்றம் என்னும் நோக்கம் இந்தக் கைங்கரியத்தின் உள்ளே இருந்ததை மறைக்க வேண்டியதுமில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க உள்நாட்டிலேயே போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசிக் குலத்துச் சிறுமிகள் சிலர் தம் வீட்டு வாசலில் வந்து நின்றதிலிருந்தே அவருடைய ஔவை இல்லம் பிறந்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டமும் வந்தது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், டோனாவூரில் ஒரு விஷயம் எஞ்சி நிற்கிறது. என் கட்டுரைக்கு வேண்டியதும் அதுதான்.

அக்காலத்து மிஷனரிகளுக்கு ஒரு நியதி இருந்தது. சில ஆண்டுகள் ஊழியம் செய்தபின் அவர்கள் தாய்நாடு சென்று, ஓய்வெடுத்து, அங்குள்ள சபைகளில் தம் பணியைப் பற்றிப் பேசிப் பொருள் திரட்டி, பின் திரும்புவார்கள். கப்பல் பிரயாணத்தோடு சேர்த்து ஓராண்டோ அதற்கு மேலோ கழியும். திரும்பி வருகையில், விட்டுச் சென்ற கைக்குழந்தை ஓடி விளையாடும். அது அவரை அறியாது. கார்மைக்கேல் அம்மையார் இந்த விடுப்பை ஒருமுறையும் எடுக்கவில்லை. 1895-இல் இந்திய மண்ணில் கால் வைத்தவர், 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் தேதி டோனாவூரில் காலமாகும் வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகளில் அயர்லாந்தை மறுபடி பார்க்கவே இல்லை. 1931-இல் களக்காட்டில் தவறி விழுந்து அடிபட்ட பிறகு கடைசி இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் படுக்கையிலேயே கழிந்தன. அப்போதும் அவருடைய அறைக்குப் பிள்ளைகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். தம் கல்லறைமேல் கல் எதுவும் வைக்கக் கூடாதென்று அவர் சொல்லியிருந்ததால், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே வைத்து, தாயைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள்.

அங்கே உறவுமுறைகள் ஓர் ஒழுங்காகவே வகுக்கப்பட்டிருந்தன. நம் நாட்டுப் பெண் ஊழியர் அக்காள், ஐரோப்பியப் பெண் ஊழியர் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. பிள்ளைகள் பெரும் கூடங்களில் நிரைநிரையாகப் படுப்பதற்கு மாறாக, சிறு சிறு வீடுகளில் அக்காள்மாரின் பொறுப்பில் வளர்ந்தார்கள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள் பலராதலால், ஒவ்வொரு குழந்தையும் விடுதிக்கு வந்த நாளையே அதன் திருநாளாகக் கொண்டாடினார்கள். வளர்ந்த பெண்களில் பலர் தாமே அக்காள்களாகி அடுத்த தலைமுறையை எடுத்து வளர்த்தனர். வெளிநாட்டுச் சித்திகள் சிலர் நோயினாலும் வேறு காரணங்களாலும் போனார்கள். ஆனால் ஒருவர் போவதால் வீடே கலைந்துவிடாதபடி அக்காள்கள் இருந்தார்கள். அம்மையாரின் புகழைப் பாடிய நூல்கள் ஏராளம். இந்த அக்காள்களைப் பற்றிய நூல்கள் மிகச் சிலவே என்பது எனக்கு எப்போதுமே குறையாகப் படுகிறது.

அம்மையார் இறந்த அதே 1951-இல், உலக சுகாதார ஸ்தாபனத்தின் வேண்டுகோளின்படி ஜான் பௌல்பி என்னும் ஆங்கிலேய மனோதத்துவ மருத்துவர் வீடற்ற குழந்தைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நூல் வெளியிட்டார். தாயிடமோ, தாயின் ஸ்தானத்தில் நிலையாக நிற்கும் ஒருவரிடமோ இடையறாத பந்தம் கிட்டாத குழந்தையின் மனநலம் குன்றும் என்பதே அதன் சாரம். சோறும் துணியும் சுத்தமும் குறைவற இருந்த மேல்நாட்டு விடுதிகளிலும் குழந்தைகள் ஏன் வாடினார்கள் என்னும் புதிருக்கு இது விடை தந்தது. பராமரிப்பவர் மாறிக்கொண்டே இருந்ததே காரணம். இதன்பின் மேல்நாடுகளில் பெரிய விடுதிகள் படிப்படியாக மூடப்பட்டன. அதே மேல்நாடுகளிலிருந்து ஏழை நாட்டு விடுதிகளைத் தேடி இளைஞர் கூட்டம் பின்னர் புறப்பட்டது. சரித்திரத்தில் இத்தகைய விநோதங்களுக்குக் குறைவில்லை.

அவர்களில் ஒருவருடைய கதை குறிப்பிடத்தக்கது. கோனர் கிரென்னன் என்னும் அமெரிக்கர், உலகைச் சுற்றப் புறப்பட்டவர், 2004-ஆம் ஆண்டின் இறுதியில் காட்மாண்டுவை அடுத்த கோதாவரியில் ஒரு குழந்தைகள் விடுதியில் சில மாதங்கள் ஊழியம் செய்தார். பிறர் மெச்ச வேண்டும் என்ற எண்ணமும் தமக்கு இருந்ததை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மீண்டும் வருவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சென்றார். சொன்னபடியே திரும்பி வந்தார். அப்போது, அனாதை என்று எண்ணியிருந்த இரு சிறுவரின் தாய் நேரில் வந்து நின்றாள். ஹும்லா என்னும் மலைப்பகுதியில், உள்நாட்டுப் போருக்கு அஞ்சிய பெற்றோரிடம், பிள்ளைகளைப் பாதுகாத்துப் படிக்க வைப்பதாகச் சொல்லிப் பணம் பறித்த ஒருவன், அவர்களைத் தலைநகருக்குக் கொண்டுவந்து கைவிட்டிருந்தான். கிரென்னன் ஒரு ஸ்தாபனத்தை நிறுவி, ஹும்லாவின் மலைக்கிராமங்களில் நடந்து சென்று, பெற்றோரை ஒவ்வொருவராகத் தேடினார். மீண்டு வந்ததனால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் விளைந்த அரிய சம்பவம் இது. விடுதியைப் பார்க்க வந்தவர், பிள்ளைகளின் வீட்டைத் தேடிப் போனதே அந்தப் பயனுக்குக் காரணம்.

கம்போடியாவில் நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறு. சுற்றுலா வளர வளர அங்கே விடுதிகளும் வளர்ந்தன. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தாண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடியது. உள்ளிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். காண வருவோர் இருக்கும்வரை காட்டுவதற்குக் குழந்தைகளும் வேண்டியிருந்தார்கள் என்று சொல்வது கொடுமையாகத் தோன்றலாம், நடந்தது அதுவே. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய தீர்மானம், அனாதை விடுதிகளை நாடிச் செல்லும் இத்தகைய ஊழியச் சுற்றுலாவினால் குழந்தைகளுக்கு விளையும் தீமையைக் குறிப்பிட்டே பேசியது.

வெளிநாட்டாரை மட்டும் குறை சொல்வது நமக்கு அழகல்ல. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் பெற்றோர் திதிக்கும் அருகிலுள்ள விடுதியில் ஒருவேளைச் சாப்பாடு போடும் வழக்கம் நம் சிற்றூர்களிலும் வேரூன்றிவிட்டது. நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் இலை போட்ட பிறகும் புகைப்படம் எடுத்து முடியும்வரை கைகட்டிக் காத்திருந்து, முன்பின் அறியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடி, கேக்கைப் பெற்றுக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவருக்கும் அதே பாட்டைப் பாடுகிற குழந்தையின் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையை ஒருகணம் வைத்துப் பார்த்தால் போதும். டோனாவூரில் குழந்தை வந்த நாளைக் கொண்டாடினார்கள். நாம் கொடுப்பவர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம்.

சட்டம் தாமதமாகவேனும் விழித்தது. தமிழ்நாட்டு விடுதிகளில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007-இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், 2017-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. குழந்தைகள் இல்லங்கள் அனைத்தையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்ய வேண்டுமென்று அது உத்தரவிட்டது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், விடுதியைக் கடைசிப் புகலிடமாகவே கருதி, உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ பிள்ளை வளர்வதற்கே முதலிடம் அளிக்கிறது. தாது வருஷத்தில் உடைந்துபோன தாய்மாமன் வீட்டை, அரசாங்கம் மாதந்தோறும் உதவித் தொகை கொடுத்து மறுபடி நிமிர்த்தப் பார்க்கிறது என்று இதைக் கருதலாம்.

மீண்டு வருவோர் நம்மிடையேயும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை நாகப்பட்டினத்துக் கரையை விழுங்கியபோது, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசுக் குழந்தைகள் காப்பகம் ஏற்படுத்தப்பட்டது. அப்போது அம்மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன், தம் மனைவியுடன் அக்குழந்தைகளை அடிக்கடி சென்று பார்த்து வந்தார். ஆட்சியர் பதவி மாற்றலுக்குரியது. அவரும் மாற்றலாகிப் போனார். போன பிறகும் அவர்களுடைய படிப்பையும் வளர்ச்சியையும் விசாரித்துக்கொண்டும், வந்து பார்த்துக்கொண்டும் இருந்தார். பதினெட்டு வயது நிரம்பியபின் காப்பகத்தில் தங்க இயலாத நிலையில் இரண்டு பெண்களை ஒரு தம்பதியர் தம் வீட்டில் ஏற்றனர். விடுதியை விட்டுச் சென்றவர்களுக்கு இருபத்தொரு வயதுவரை பிற்காப்பு உண்டென்று சட்டம் சொல்கிறது. கல்யாணத்துக்கு எந்த வீட்டிலிருந்து மனிதர் வரவேண்டுமென்பதை அது சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்பெண்களில் ஒருத்திக்கு நாகப்பட்டினத்தில் திருமணம் நடந்தது. அப்போது மாநிலத்தின் சுகாதாரத்துறைச் செயலாளராக இருந்த ராதாகிருஷ்ணன் சென்னையிலிருந்து சென்று, பெண் வீட்டாருடன் நின்று, அதை நடத்தி வைத்தார்.