ஷாங்காயில் பிறந்த சண்டை

டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல். தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்த நோயல் கவர்டின் மனக்கண்ணில் பிரான்சின் கடலோர விடுதி ஒன்றும், அதன் மாடி முற்றத்தில் வெள்ளை உடையில் நிற்கும் அவருடைய தோழி கெர்ட்ரூட் லாரன்சும் தெரிந்தார்கள். விடிவதற்குள் கதை தலைப்போடு கூடிவந்துவிட்டது. கிழக்கு நாடுகளைச் சுற்ற வந்திருந்த அந்த ஆங்கிலேய நாடகக்காரருக்கு அப்போது வயது 30. பிறகு ஷாங்காயில் காய்ச்சல் வந்து கேத்தே ஹோட்டலில் படுத்தார். படுக்கையில் சாய்ந்தபடியே, நாலே நாளில் பென்சிலால் எழுதி முடித்தார். ‘பிரைவேட் லைவ்ஸ்’ பிறந்தது இப்படித்தான்.

எலியட்டும் அமாண்டாவும் மணவிலக்குப் பெற்று ஐந்து வருடம் ஆகிவிட்டது. இருவரும் வேறு வேறு துணையை மணந்து தேனிலவுக்குப் போகிறார்கள். ஒரே ஊர், ஒரே விடுதி, அடுத்தடுத்த அறை, நடுவில் பொது முற்றம். பழைய பாட்டு ஒன்று காதில் விழுகிறது. அன்றிரவே புதுத் துணைகளை விட்டுவிட்டு இருவரும் பாரிசுக்கு ஓடுகிறார்கள். அங்கே கொஞ்சல், பிறகு குத்தல், பிறகு அடிதடி. இசைத்தட்டு எலியட்டின் தலையில் உடைகிறது. தேடி வந்த புதுக் கணவனும் புது மனைவியும் கடைசியில் தங்களுக்குள் சண்டை பிடிக்க, இந்த இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவுகிறார்கள்.

மணவிலக்கான இருவர் கொஞ்சும் காட்சிக்கு அரசின் தணிக்கை அதிகாரி தயங்கினார். கவர்ட் நேரில் போய்ப் படித்துக் காட்டி அனுமதி வாங்கினார். 1930 ஆகஸ்டில் எடின்பரோவில் மேடையேறியது. செப்டம்பர் 24 அன்று லண்டனின் ஃபீனிக்ஸ் அரங்கத்தையே இந்த நாடகம்தான் திறந்து வைத்தது. எலியட் வேடம் கவர்டுக்கு. ஏமாந்த புதுக் கணவனாக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. லண்டனில் 101 காட்சிகள். அடுத்த ஆண்டே நியூயார்க்கும் போய், ஹாலிவுட் படமாகவும் வந்துவிட்டது.

இந்த நாடகத்தின் கதையைப் புதுச்சேரியில் உட்கார்ந்து எழுதக் காரணம் உண்டு. லண்டன் சிரித்துக்கொண்டிருந்த 1930இல், சென்னை மாகாணத்து இந்துத் தம்பதிக்குக் கோர்ட்டுக்குப் போய் மணவிலக்குக் கேட்கப் பொதுவான சட்டம் இல்லை. பஞ்சாயத்தில் அறுத்துவிடும் வழக்கம் பல சாதிகளில் இருந்தது. ஆனால் மாகாணச் சட்டம் 1949இல்தான் வந்தது. எங்கள் ஊரின் நிலை வேறு. காலணியோடு நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காக வழக்கைப் பாரிஸ் வரை கொண்டுபோய் வென்ற வக்கீல் பொன்னுத்தம்பியின் வழியில், 1881 ஆணைக்குப் பிறகு சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். பிரான்ஸ் 1884இல் மணவிலக்கைத் தன் சட்டத்தில் மீண்டும் சேர்த்தது. 1963இல் இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்றே எழுதினார்கள். எலியட்டும் அமாண்டாவும் தமிழ் பேசியிருந்தால் அவர்களுக்கு ஏற்ற ஊர் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லண்டனில் கவர்டின் மவுசு குறைந்திருந்த காலத்தில், 1963இல், ஹாம்ஸ்டெட்டின் சிறிய அரங்கம் ஒன்று இதே நாடகத்தைப் போட்டு அவர் பெயரை மீட்டெடுத்தது. ஆனால் 1983இல் நியூயார்க்கில் நடந்ததுதான் விசித்திரம். எலியட்டாக ரிச்சர்ட் பர்ட்டன், அமாண்டாவாக எலிசபெத் டெய்லர். ஒருவரையொருவர் இரண்டு முறை மணந்து இரண்டு முறை பிரிந்தவர்கள். ஜனம் நாடகத்தை விட்டுவிட்டு அவர்களையே பார்த்தது. விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். நடுவிலேயே பர்ட்டன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். அடுத்த ஆண்டு இறந்தும் போனார். சொந்த வாழ்க்கையைக் காட்டுவதால் மட்டும் இந்த நாடகம் நிற்காது. இதன் உயிர் பேச்சின் வேகத்தில் இருக்கிறது. ஒருவர் எறியும் சொல்லை அது கீழே விழுமுன் மற்றவர் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும்.

அந்த வித்தை தமிழ் மேடைக்குப் புதிதில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது. அவருடைய ‘வள்ளி திருமணம்’ இன்றும் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. வள்ளி ஓர் ஊரிலிருந்தும் நாரதர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகை இல்லாமல் நேரே மேடையில் சந்தித்துத் தர்க்கம் செய்வார்கள். ஊடலைக் காதலின் பகுதியாகவே பார்த்துப் பழகிய, குறளின் கடைசி அதிகாரத்தையே ஊடலுக்குக் கொடுத்த மொழி நம்முடையது.

அதனால் எனக்கு ஓர் ஆசை. ‘பிரைவேட் லைவ்ஸ்’ தமிழில், புதுச்சேரிக் கதையாக மேடையேற வேண்டும். கடற்கரைச் சாலை விடுதியின் இரண்டு பால்கனிகள், நடுவில் இடுப்பளவு சுவர், இரண்டு பக்கமும் ரெனோன்சான் குடும்பத்துத் தம்பதிகள். நகரத்து நவீன நாடகக் குழு இதைத் தயாரிக்கட்டும். அமாண்டாவையும் எலியட்டையும் மட்டும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து நாடக நடிகர் சங்கங்களில் தேட வேண்டும். வள்ளியாக இருபது வருடம் தர்க்கம் பேசிய ஒரு பெண்ணின் முன்னால் எந்த எலியட்டும் லேசில் வாய் திறந்துவிட முடியாது.