‘பேலன்ஸ்டு’ ஹெட்போன் ஆம்ப்: கூடுவது தரமா, சத்தமா?

கேமரன் மலையில் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இருந்துகொண்டு நல்ல ஹெட்போன் தேடுகிறீர்களா? உங்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. போட்டுக் கேட்டுப் பார்த்து வாங்கும் வசதியுள்ள கடைகள் பெரும்பாலும் கோலாலம்பூர் பக்கம்தான். மலையிறங்கி அங்கே போய்ச் சேரவே மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகிவிடும். அதனால் ஷாப்பியிலோ லஸாடாவிலோ படத்தையும் எண்களையும் பார்த்தே பலர் காசு கட்டுகிறார்கள்.

அந்த விளம்பரங்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘பேலன்ஸ்டு’. “சாதாரண ஆம்பைவிட நான்கு மடங்கு பவர்”, “இசை மேடை விரியும்”, “இரைச்சலே இருக்காது” என்றெல்லாம் போட்டிருப்பார்கள். விலையும் அதற்கேற்ப ஏறும்.

நாட்டின் குறைந்தபட்ச சம்பளம் இப்போது மாதம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கணக்கிட்டால், ஆயிரம் ரிங்கிட் ஆம்ப் ஒன்று ஏறக்குறைய 15 நாள் உழைப்பு. அவ்வளவு காசு போடும் முன், அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பேலன்ஸ்டு என்றால் என்ன?

சாதாரண 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் முனையில் மூன்று தொடுபகுதிகள் இருக்கும். ஒன்று இடது காதுக்கு, ஒன்று வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான ‘கிரவுண்ட்’. இந்த முறைக்கு ‘சிங்கிள் எண்டட்’ என்று பெயர்.

பேலன்ஸ்டு முறையில் அந்தப் பொதுக் கம்பி கிடையாது. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி. இரண்டு கம்பிக்கும் தனித்தனி ஆம்ப் சுற்று. ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தை இரண்டு பேர் இரு பக்கம் பிடித்து இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு வேறு முனை தேவை. மேசை ஆம்ப்களில் நான்கு ஊசி எக்ஸ்எல்ஆர் முனையையும், கையடக்கக் கருவிகளில் 4.4 மில்லிமீட்டர் முனையையும் பார்க்கலாம். சோனி நிறுவனம் 2016-இல் தன் விலை உயர்ந்த வாக்மேன்களில் 4.4 முனையைக் கொண்டு வந்த பிறகு அது வேகமாகப் பரவியது.

‘பேலன்ஸ்டு’ என்ற சொல்லின் வேர் தொலைபேசிக் கம்பிகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் இருக்கிறது. மைக்ரோபோனிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. அது நீண்ட கம்பியில் போகும்போது வெளி மின் இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு வரும். இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சலைக் கடைசியில் கழித்துவிடுவதே அங்கே நடக்கும் வேலை. ஆனால் உங்கள் ஹெட்போன் கம்பி ஒன்றிரண்டு மீட்டர்தான். அதில் ஓடும் சிக்னலும் பல மடங்கு பெரியது. மைக்ரோபோனுக்குக் கிடைக்கும் அந்த நன்மை இங்கே கிட்டத்தட்டத் தேவைப்படுவதே இல்லை.

நான்கு மடங்கு பவர் உண்மையா?

கணக்குப்படி உண்மைதான். இரண்டு சுற்றுகள் எதிரெதிராக வேலை செய்வதால் வோல்ட் அளவு இரட்டிப்பாகும். வோல்ட் இரண்டு மடங்கானால், மின்னோட்டமும் அதற்கு ஈடு கொடுக்கும் வரை, பவர் நான்கு மடங்காகும். டெசிபல் கணக்கில் அது 6 டெசிபல்.

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. வால்யூமைத் தொடாமல் 3.5 முனையிலிருந்து 4.4 முனைக்கு மாறினால் பாட்டு சட்டென்று 6 டெசிபல் வரை கூடிக் கேட்கும். சத்தம் கூடும்போது நம் காதுக்குத் தாழ்ந்த பேஸ் இன்னும் நன்றாகத் தெரியும். பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால்தான் “அட, பேஸ் வருதே, எல்லாம் தெளிவா இருக்கே!” என்று தோன்றுகிறது. பல நேரங்களில் கூடியது தரம் இல்லை, வெறும் சத்தம்.

உங்கள் ஹெட்போனுக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1997-இல் வந்து இன்றும் விற்பனையாகும் சென்ஹைசர் ஹெச்டி 600, ஓட்டுவதற்குக் கடினமானது என்று பெயர் எடுத்தது. அதன் மின்தடை 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி வரும் என்பது நிறுவனம் தரும் அளவு. பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், அதுவே காதைப் பிளக்கும் சத்தம், தேவைப்படுவது சுமார் நாலரை வோல்ட். பவரில் சொன்னால் 67 மில்லிவாட் மட்டுமே.

2011-இல் ‘நவ்ஏவிகய்’ என்ற புனைபெயரில் ஒரு பொறியாளர் வரைபடத்தோடு இலவசமாக வெளியிட்ட ‘ஒப்ஜெக்டிவ் 2’ என்ற சிறிய ஆம்ப், பேலன்ஸ்டு இல்லாமலேயே சுமார் 7 வோல்ட் தரும். அந்த ஹெட்போனுக்கு அது தாராளம்.

அப்படின்னா பேலன்ஸ்டு எங்கே உதவும்? இரண்டு இடங்களில் உதவும்.

ஒன்று, கைபேசியில் செருகும் சிறிய டாங்கிள்கள். அவற்றுக்கு யூஎஸ்பி வழியாகக் கிடைக்கும் மின்சாரம் குறைவு. சாதாரண முனையில் 2 வோல்ட் தரும் டாங்கிள் பேலன்ஸ்டு முனையில் 4 வோல்ட் தரும்போது, 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்கு அது உண்மையான லாபம்.

இரண்டு, மிகக் குறைந்த உணர்திறன் கொண்ட பிளானர் வகை ஹெட்போன்கள். ஹைபைமேன் ஹெச்இ-6 போன்ற சிலவற்றுக்கு ஒரு மில்லிவாட்டில் 83.5 டெசிபல்தான் வரும். 110 டெசிபல் உச்சத்துக்கு அதற்குக் கிட்டத்தட்ட அரை வாட் தேவை.

காதுக்குள் செருகும் சிறிய இயர்போன் வைத்திருப்பவர்களுக்குக் கதையே தலைகீழ். அவை ஒரு மில்லிவாட்டிலேயே 100 டெசிபலைத் தாண்டிவிடும். அதிக பவர் உள்ள பேலன்ஸ்டு முனையில் செருகினால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கலாம். வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே காது அடைக்கும்.

தேயிலை சொல்லித்தரும் பாடம்

தரத்தை எப்படி அளப்பது என்பதில் கேமரன் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து இந்த மலையில் தேயிலை விளைகிறது. தேயிலைத் தொழிலில் ‘ப்ரோக்கன் ஆரஞ்சு பெக்கோ’ என்று ஒரு பெயர் உண்டு. கேட்டால் ஆரஞ்சுப் பழ வாசனை வரும் என்று தோன்றும். ஆனால் அது இலைத் துண்டின் அளவைச் சொல்லும் பெயர்தானே தவிர, ருசிக்குக் கொடுத்த மதிப்பெண் இல்லை. அதே பெயரில் அருமையான தேயிலையும் இருக்கும், சுமாரானதும் இருக்கும்.

‘பேலன்ஸ்டு’ என்பதும் அப்படித்தான். அது சுற்று எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எப்படி ஒலிக்கும் என்பதைச் சொல்லவில்லை.

அப்போ ருசியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கோப்பைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை போட்டு. ஐஎஸ்ஓ 3103 என்ற அனைத்துலகத் தரநிலை இதற்காகவே இருக்கிறது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம் ஊறல். ஒரு கோப்பையில் மட்டும் இலையைக் கூடப் போட்டால் அது கடுப்பாக இருக்கும், ஒப்பீடு கெட்டுவிடும். ஆம்ப் சோதனையில் அந்தக் கூடுதல் இலைதான் 6 டெசிபல்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

தேவையானவை: கம்பி கழற்றக்கூடிய ஒரு ஹெட்போன், 4.4 முனை கொண்ட பேலன்ஸ்டு கம்பி, அதை 3.5 துளையில் செருக உதவும் மாற்றி, ஒரு மல்டிமீட்டர், பொறுமையான ஒரு நண்பர்.

முதலில் சத்தத்தைச் சமன்படுத்துங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கம்பியின் இடது காது முனையில் இருக்கும் இரண்டு தொடுபகுதிகளுக்கு இடையே ஏசி வோல்ட் அளவை எடுங்கள். 3.5 முனையிலும் 4.4 முனையிலும் அந்த எண் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் வரும்படி வால்யூமை வைத்து, இரண்டு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதம் என்பது சுமார் 0.1 டெசிபல். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் காது ஏமாறும்.

அடுத்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் நாணயம் சுண்டி எந்த முனை என்று முடிவு செய்யட்டும். அதே முனை வந்தாலும் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒரே பாட்டின் 20 விநாடிப் பகுதியைக் கேட்டு எது என்று சொல்லுங்கள். இப்படி 10 முறை.

கண்ணைக் கட்டிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னாலும் ஐந்து சரியாக வரும். ஆறும் ஏழும்கூட அதிர்ஷ்டத்தில் வரலாம். 9 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான். அப்போது உங்கள் காதுக்கு வித்தியாசம் தெரிகிறது என்று நம்பலாம். அந்த வித்தியாசம் பிடித்திருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

வித்தியாசம் தெரிந்தால் காரணம் என்னவாக இருக்கும்? ஒன்று, ஆம்பின் வெளியீட்டு மின்தடை. பேலன்ஸ்டு முனையில் இது பொதுவாக இரட்டிப்பாகும். ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போன் என்றால் 4 ஓம். அதைத் தாண்டினால் சில இயர்போன்களில் ஒலியின் சாயலே மாறும். இன்னொன்று, பொதுக் கம்பி வழியாக ஒரு பக்க ஒலி மறு பக்கம் கசிவது. பேலன்ஸ்டு இதைக் குறைக்கும். ஆனால் ஒழுங்கான சாதாரணக் கம்பியிலேயே அந்தக் கசிவு 50 டெசிபல் கீழே இருக்கும். இசைத்தட்டுகளில் இதைவிடப் பல மடங்கு கசிவு உண்டு. அதை வைத்தே மக்கள் பல ஆண்டுகள் ஸ்டீரியோவை ரசித்திருக்கிறார்கள்.

காதை மறந்துவிடாதீர்கள்

லயத்து வீட்டிலோ அடுக்குமாடியிலோ பக்கத்தில் ஆள் தூங்கும்போது ஹெட்போன்தான் கை கொடுக்கும். அதனால் கேட்கும் நேரமும் நீளும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல்: பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை இது. சத்தம் 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அப்படியானால் பேலன்ஸ்டுக்கு மாறி, கூடிய 6 டெசிபலைக் குறைக்காமல் விட்டால், 40 மணி நேரம் 10 மணி நேரமாகச் சுருங்கும். தினம் ஒன்றரை மணி நேரம்கூடத் தேறாது. ஆம்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது.

காசு கட்டும் முன்

• உங்கள் ஹெட்போனின் ஓம், டெசிபல் எண்களை முதலில் பாருங்கள். இப்போது இருக்கும் கருவியிலேயே வால்யூம் பாதியைத் தாண்டவில்லை என்றால் பவர் உங்கள் பிரச்சினை இல்லை.

• பேலன்ஸ்டு துளை இருந்தால் உள்ளேயும் பேலன்ஸ்டு என்று அர்த்தமில்லை. இரண்டு முனைக்கும் ஒரே வோல்ட் அளவு போட்டிருந்தால், துளை மட்டும்தான் மாறியிருக்கக்கூடும்.

• பேலன்ஸ்டு கம்பியை மாற்றி போட்டுச் சாதாரணத் துளையில் செருகலாம். ஆனால் சாதாரண 3.5 ஹெட்போனை மாற்றி போட்டுப் பேலன்ஸ்டு துளையில் செருகாதீர்கள். இரண்டு ஆம்ப் சுற்றுகளின் வெளியீடுகள் ஒன்றோடொன்று உரசி, ஆம்ப் கெட்டுப்போகலாம்.

• மின் அடாப்டர் நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்றதா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள்.

• திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள விற்பனையாளரிடம் வாங்குங்கள். ரசீதையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் வைத்திருங்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். அங்கே பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.

மொத்தத்தில் ஒலியின் தன்மையை அதிகம் தீர்மானிப்பது ஹெட்போன்தான். அடுத்து அது தலையில் உட்காரும் விதம், பிறகு இலவசமாகக் கிடைக்கும் ஈக்வலைசர். ஆம்ப் இவற்றுக்குப் பின்னால்தான் வரும். 300 ஓம் ஹெட்போனை டாங்கிளில் கேட்பவருக்கும், பசி அதிகமுள்ள பிளானர் வைத்திருப்பவருக்கும் பேலன்ஸ்டு தகுந்த செலவு. மற்றவர்கள் அந்த 15 நாள் சம்பளத்தை இன்னும் நல்ல ஹெட்போனுக்கோ, கோலாலம்பூர் போய் நேரில் கேட்டுப் பார்த்து வரும் பயணத்துக்கோ ஒதுக்கினால், காசுக்குக் கூடுதல் பலன் கிடைக்கும்.